அக்கா கேட்ட மெத்தை

"மல்கொண்டு நோடி மேடம்" என்றார் கடைக்காரர்.

படுத்துப் பாருங்கள் என்று சொல்கிறார். மைசூரில் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒரு சந்து. அந்தச் சந்தில், வாசல் சின்னதாகவும் உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போவதாகவும் ஒரு மெத்தைக் கடை. வாசலிலிருந்து மூன்றாவது மெத்தைக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். தேங்காய் நாரும் ரப்பர் பாலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. மூலையில் ஒருவர் தையல் மிஷினில் உறை தைத்துக்கொண்டிருந்தார். கடைக்காரரோடு காபி குடிக்க வந்த இன்னொருவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே சைக்கிள் கடை. அங்கே பஞ்சர் ஒட்டிக்கொண்டு நாலு பேர்.

எனக்கு அப்போது நாற்பது வயது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் கைப்பை. நான் மெத்தையை உள்ளங்கையால் மூன்று முறை அமுக்கிப் பார்த்தேன். பிறகு முழங்கையை ஊன்றிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். வயதானவர், நெற்றியில் விபூதிப் பட்டை. ராத்திரி படுக்கப்போவது உங்கள் கையா, முதுகா என்று கன்னடத்தில் கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்து, பத்து நிமிஷம் மல்லாந்தும் ஒருக்களித்தும் பார்த்தால்தான் தெரியும், வேண்டுமானால் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன் என்றார். நல்ல மனுஷர். ஆனால் அவர் ஒருவர் திரும்பினால் போதுமா? தையல்காரர் திரும்ப வேண்டும், காபிக்காரர் திரும்ப வேண்டும், சைக்கிள் கடை முழுக்கத் திரும்ப வேண்டும்.

"வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன்.

வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. வீடு என்பதே சரஸ்வதிபுரத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் ஓர் அறையும் சமையலுக்கு ஒரு தடுப்பும்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அறையில் அப்போது புத்தம் புதிய மெத்தை ஒன்று இருந்தது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். கூடவே நான்கு தலையணைகள்.

ஒரு வாசகியின் கேள்வி

ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பதைப் பற்றி இரண்டு வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது, நோயாளியை எழுப்பாமலே அடியிலிருக்கும் துணியை எப்படி மாற்றுவது என்றெல்லாம். அதைப் படித்த ஒரு வாசகி ஒரே வரியில் கேட்டு எழுதியிருந்தார்: "இத்தனை பேருக்குப் படுக்கை போட்டீர்களே சிஸ்டர், நீங்கள் எதில் படுத்தீர்கள்?"

பாயில் அம்மா, கோரைப் பாயில். பதினேழு வருஷம்.

படுக்கையைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. கனத்த உடம்புக்காரரை மெத்தென்ற படுக்கையில் போட்டால் இடுப்பு குழிக்குள் போய்விடும், காலையில் எழ முடியாது. எலும்பும் தோலுமான கிழவியைக் கெட்டிப் படுக்கையில் போட்டால் மூன்றாம் நாள் புட்டத்தில் சிவந்து, ஐந்தாம் நாள் புண். மல்லாந்து படுக்கிறவருக்கு ஒரு மாதிரி, ஒருக்களித்துப் படுக்கிறவருக்கு வேறு மாதிரி. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், முதுகுத்தண்டு மட்டும் கோடு போட்டது போல நேராக நிற்க வேண்டும்.

இதற்கு எங்களுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பு வளைவுக்கு அடியில் கையை விட வேண்டும். கை காற்றில் போவது போலத் தாராளமாகப் போனால் படுக்கை ரொம்பக் கெட்டி. கையே நுழையவில்லையென்றால் ரொம்ப மெது. லேசாக உரசிக்கொண்டு போனால் அந்த உடம்புக்கு அது சரி.

எத்தனை இடுப்புகளுக்கு அடியில் கை விட்டிருக்கிறேன், கணக்கே கிடையாது. என் இடுப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றியபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

இடுப்பு பேச ஆரம்பித்தது

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் இருந்த ஒரு பெரியவர், கனமான ஆள், மயக்கத்தில் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்துச் சரிந்தார். ஓடிப் போய்த் தாங்கிப் பிடித்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் இடுப்பில் 'சுளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து காலையில் எழுந்திருப்பது என்பது தனி வேலையாகிவிட்டது. முதலில் ஒருக்களிக்க வேண்டும். பிறகு சுவரைப் பிடிக்க வேண்டும். பிறகு கடவுளைக் கூப்பிட வேண்டும். அவரும் ஷிப்டில் இருந்தாரோ என்னவோ, பல நாள் வரவில்லை.

நான் வேலை பார்த்த நர்ஸிங் ஹோமின் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "பாயைத் தூக்கிப் போடுங்க சிஸ்டர். நல்ல மெத்தையா ஒண்ணு வாங்குங்க. ஊர்ல எல்லாரும் வாங்கறதை வாங்காதீங்க, உங்க உடம்புக்கு ஒத்துக்கறதா, படுத்துப் பாத்து வாங்குங்க" என்றார்.

மேட்ரன் கோலார் தங்கவயல் பக்கத்துத் தமிழ்ப் பெண்மணி. எனக்கு நல்லவர்தான், ஆனால் வார்டு அவருக்கு என்னைவிட முக்கியம். "தசரா முடியறவரைக்கும் பாக்கறேன் சரோஜா. அதுக்கப்புறமும் நீ பேஷண்டைத் தூக்க முடியாம நின்னேன்னா, கீழே ஓ.பி.யில சீட்டு எழுதப் போட்டுடுவேன். கோவிச்சுக்காத" என்றார்.

சீட்டு எழுதுவது உட்கார்ந்து பார்க்கிற வேலை. நிறையப் பேர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குகிற வேலை. எனக்கு அது தண்டனை. வார்டில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது யாராவது என்னைக் கூப்பிடுவார்கள். சிஸ்டர் தண்ணி, சிஸ்டர் வலிக்குது, சிஸ்டர் கொஞ்சம் திருப்பி விடுங்க. அறைக்குத் திரும்பிக் கதவைத் தாழிட்டால் மறுநாள் டியூட்டிக்குப் போகிறவரை ஒரு குரல் கிடையாது. வார லீவு நாட்களில் சில சமயம் நானே பாத்திரத்தைத் திட்டுவேன், என் குரல் இருக்கிறதா என்று பார்க்க. வார்டும் போய்விட்டால் என்னைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? அப்போது நான் நினைத்தது இதைத்தான், இடுப்பைப் பற்றிக்கூட அவ்வளவாக நினைக்கவில்லை.

மெத்தை யார் வீட்டுது?

இங்கே எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நான் கௌதள்ளிக்காரி. ஹனூரிலிருந்து மலைப் பக்கம் போகும் பாதையில் இருக்கிற ஊர். அந்த வட்டாரத்தில் தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள் நிறைய.

எங்கள் வீடுகளில் பாயை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மெத்தைக்கு அந்த உரிமை கிடையாது. பெண்ணின் பிறந்த வீட்டுச் சீராகத்தான் அது ஒரு வீட்டுக்குள் நுழையும். கல்யாணத்துக்கு முன்னால் அதில் யாரும் உட்காரக்கூட மாட்டார்கள்.

என் அப்பா சாகும்வரை படுத்தது என் அம்மாவின் அண்ணன் கொடுத்த மெத்தையில். சண்டை வந்தால் அம்மா விடமாட்டாள். "எங்கண்ணன் மெத்தையில படுத்துக்கிட்டு எங்கண்ணனையே பேசறீங்களா?" என்பாள். அப்பா துண்டை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய்க் கயிற்றுக் கட்டிலில் படுப்பார். இரண்டு நாளில் பனி தாங்காமல் மெத்தைக்கே திரும்பி வருவார். நாங்கள் போர்வைக்குள் சிரிப்போம்.

அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு எனக்கென்று இருந்தது தம்பி மாதேசன் ஒருவன். ஊரில் விவசாயம், மனைவி, இரண்டு பிள்ளைகள். தம்பி இருக்கும்போது அக்கா தானே போய் மெத்தை வாங்கினால், எனக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊருக்குச் சொல்வதாக அர்த்தம். அதனால் மரியாதைக்கு அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கடிதம் எழுதினேன்.

"தம்பிக்கு அக்கா எழுதுவது. நலம். எனக்கு ஒரு மெத்தை தேவைப்படுகிறது. இங்கேயே வாங்கிக்கொள்ளட்டுமா? உன் அபிப்பிராயம் எழுதவும்."

இடுப்பைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. எழுதினால் பயந்துபோவான், வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வாருங்கள் என்பான் என்று மறைத்தேன். நான் செய்த தப்பு அதுதான்.

"அவரு இல்லீங்களா?"

மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோவின் தலைமேல் கயிறு போட்டுக் கட்டிய பிரம்மாண்டமான மெத்தை. உள்ளே தலையணைகளுக்கு நடுவே, தலைக்கு எண்ணெய் வைத்து, புது வேட்டி கட்டி, மாதேசன். மடியில் வாழைப்பழத் தாரும் வெற்றிலைப் பையும்.

எங்கள் தோட்டத்து இலவ மரத்துப் பஞ்சு. கொள்ளேகாலில் ஆள் வைத்துக் கொட்டித் தைத்த மெத்தை. சிவப்புக் கோடு போட்ட துணி, நாலு மூலையிலும் மஞ்சள். அவனும் ஆட்டோக்காரருமாகப் பிடித்து உள்ளே கொண்டுபோய்ப் போட்டதும் என் அறையில் தரை காணாமல் போயிற்று.

காபி கொடுத்தேன். மாதேசன் காபியைக் குடிக்காமல் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்தான். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தான். இரண்டு ஜோடி, இரண்டும் என்னுடையவை.

"அக்கா... அவரு இல்லீங்களா?"

"எவரு?"

"அதானுங்க்கா." அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "வேலைக்குப் போயிருக்காருங்களா?"

"யாரைக் கேக்கற நீ?"

"நீங்க வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க்கா. உங்க லெட்டரைப் படிச்சதுமே வூட்ல சொல்லிட்டா. மெத்தை கேட்டு எழுதியிருக்காங்கன்னா வேற என்ன, அக்காளுக்கு யாரோ அமைஞ்சிருக்காங்க, கூச்சத்துல சுத்தி வளைச்சு எழுதறாங்கன்னு. எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு நான் கேக்க மாட்டனுங்க. நீங்க நல்லா இருந்தாப் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். சிரிக்கச் சிரிக்க இடுப்பு வலித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். வேலையில் லேசாகப் பிடித்துக்கொண்டது, டாக்டர் மெத்தை வாங்கச் சொன்னார், அவ்வளவுதான் என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

ஏன் கல்யாணமாகவில்லை என்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். வந்த வரன்களில் மூன்று பேர், கண்டவர் உடம்பையும் தொடுகிற வேலையை விட்டுவிட்டால் கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். நான் விடவில்லை. நாலாவது ஆள் வரவில்லை. ஆனால் மாதேசன் மட்டும் யார் கேட்டாலும், "பாத்துக்கிட்டிருக்கோமுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு முப்பது வயதிலும் அதைச் சொன்னான், நாற்பதிலும் சொன்னான்.

"ஊர்ல என்ன சொல்லி எடுத்துட்டு வந்த?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலீங்க. பஸ்ஸு மேல ஏத்தும்போது எல்லாரும் பாத்தாங்க. அவங்களே புரிஞ்சுக்கிட்டாங்க."

"இதைத் திருப்பி எடுத்துட்டுப் போ மாதேசா. எனக்கு இவ்வளவு பெரிசு வேண்டாம்."

அவன் பதறிவிட்டான். "அந்த வார்த்தை மட்டும் சொல்லாதீங்க்கா. போன சீரு திரும்பி வந்தா ஊரு என்ன பேசும்? இருக்கட்டும். எப்பவாச்சும் ஆவும். பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்."

மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான். போகும்போது மெத்தையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மெத்தையோடு குடித்தனம்

அந்த மெத்தையில் படுக்காமல் விட்டேனா? படுத்தேன். தம்பி கொண்டுவந்தது, அவன் ஆசையாகத் தைத்தது. படுத்ததும் சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பின் கனமான பாகமெல்லாம் கீழே போக ஆரம்பித்தது. நான் குட்டையான ஆள். தோள் ஒல்லி, இடுப்பு அகலம். இலவம்பஞ்சு என் இடுப்பை விழுங்கிவிட்டுத் தோளை மட்டும் மேலே வைத்தது. கையை அடியில் விட்டுப் பார்த்தேன். விரல்கூட நுழையவில்லை.

எங்கள் பக்கத்தில் மெத்தை எவ்வளவு உயரமோ அவ்வளவு மரியாதை. எனக்கு மரியாதை அதிகமாகிவிட்டது, அதுதான் சிக்கல்.

அதைவிட இன்னொன்று. அந்த மெத்தையில் எந்தப் பக்கம் படுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் படுத்தால் இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. ஓரத்தில் படுத்தால் மறுபாதி யாருக்கோ இடம் விட்டது போல இருந்தது. பாயில் படுத்திருந்த பதினேழு வருஷத்தில் நான் தனியாள் என்று படுக்கும்போது நினைத்ததே இல்லை. இந்த மெத்தை தினமும் நினைக்க வைத்தது. நாலு தலையணைகளையும் அடுக்கி வைத்து ஒரு பக்கத்தை நிரப்பிக்கூடப் பார்த்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பத்து நாளில் வலி காலுக்கு இறங்கியது. மெத்தையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றரை முழ இடத்தில் பாயை விரித்தேன்.

பாயிலும் வலி விடவில்லை. தசரா நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் விளக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தச் சந்துக் கடைக்குத் தனியாகப் போய், உள்ளங்கையால் மூன்று முறை அமுக்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

கூட ஒரு ஆள் நின்றால் படுத்துப் பார்த்திருப்பேன். புடவை விலகினால் சொல்ல, வாசலை மறைக்க ஒரே ஒரு ஆள். யாரைக் கூப்பிடுவது? வார்டில் உடன் வேலை பார்த்தவர்களுக்கு லீவு நாளில் பிள்ளை குட்டி, துவைக்கிற துணி. வீட்டுக்காரம்மாவிடம் மெத்தைக் கடைக்கு வாருங்கள் என்று சொன்னால், உள்ளே ஒரு மெத்தை இருக்கிறதே என்பார். நான் படுத்துப் பார்ப்பதற்காகப் பத்து நிமிஷம் பக்கத்தில் நிற்க இந்த மைசூரில் ஒருவர் இல்லை. நடந்து வரும்போது அது நன்றாகப் புரிந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்ததை வியர்வை போலத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மத்தியானம்

அடுத்த வாரம். இரவு டியூட்டி முடிந்து வந்து, காற்றுக்காகக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் பாயில் கிடந்தேன். கண் செருகிய நேரம் வாசலில் நிழல் விழுந்தது.

மாதேசன். கிணற்று மோட்டாருக்கு ஏதோ பாகம் வாங்க மைசூர் வந்தவன், அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறான். கையில் மக்காச்சோளப் பை.

அவன் சுவரோரம் இருந்த மெத்தையைப் பார்த்தான். அதன்மேல் நான் துவைத்து மடித்த யூனிபார்ம்களை அடுக்கி வைத்திருந்தேன். பிறகு தரையில் கிடந்த என்னைப் பார்த்தான். நான் சட்டென்று எழப் பார்த்தேன். இடுப்பு விடவில்லை. ஒருக்களித்து, சுவரைப் பிடித்து, முழங்காலில் நின்று, மறுபடி சுவரைப் பிடித்து எழுந்தேன். அதற்குள் எவ்வளவு நேரம் ஆனதோ. அவன் நிலைப்படியிலேயே நின்றிருந்தான்.

"தெனமும் இப்படித்தான் எந்திரிக்கறீங்களா?"

"காலையில மட்டும்தான்டா. அப்புறம் சரியாயிடும்."

"லேசாப் புடிச்சிருக்குன்னு சொன்னீங்க."

நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"நான் குடுத்த மெத்தையில படுக்கலீங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். முடியவில்லை. "அது எனக்கு ஒத்துக்கல மாதேசா. ரொம்ப மெத்துனு இருக்குது. இடுப்பு உள்ள போயிடுது." மேட்ரன் வைத்த கெடுவையும் சொன்னேன். கடைக்குப் போய்ப் படுத்துப் பார்க்க முடியாமல் திரும்பியதையும் சொன்னேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவன் முன்னால் அழுதது அம்மா செத்த அன்றைக்குப் பிறகு அதுதான்.

அவன் பையைக் கீழே வைத்தான். "மோட்டாரு கெடக்குது. கெளம்புங்க்கா, அந்தக் கடையக் காட்டுங்க" என்றான்.

படுத்துப் பார்த்தேன்

கடைக்காரருக்கு என்னை நினைவிருந்தது. மாதேசனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவள், வீட்டுக்காரரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

"பன்னி பன்னி. யஜமான்ரும் மல்கொண்டு நோட்லி" என்றார். வாங்க வாங்க, வீட்டுக்காரரும் படுத்துப் பார்க்கட்டும் என்று.

மாதேசனுக்கு முகம் கறுத்துவிட்டது. "நானு தம்மா ரீ" என்றான் வெடுக்கென்று. தம்பி என்றதும் கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

நான் செருப்பைக் கழற்றினேன். மாதேசன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலை மறைத்து, கால்களை அகட்டி, இடுப்பில் கை வைத்து நின்றான். விவசாயி முதுகு, ஒரு வாசலுக்குத் தாராளமாகப் போதும். சைக்கிள் கடை மறைந்துவிட்டது. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, யாரும் சொல்லாமலே சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

முதல் மெத்தை பஞ்சைப் போலவே அமுங்கியது. இரண்டாவது ஆஸ்பத்திரிப் பலகை. மூன்றாவது, அன்றைக்கு நான் கையால் அமுக்கிப் பார்த்தது. ரப்பர் பால் தெளித்த நார் மெத்தை, மேலே விரற்கடை உயரத்துக்கு மெத்தென்ற அடுக்கு. புடவையைப் பாதம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தேன். ஒருக்களித்தேன். தோள் கொஞ்சம் உள்ளே போயிற்று, இடுப்பு கொஞ்சம் உள்ளே போயிற்று, அதோடு நின்றுவிட்டது. மறுபடி மல்லாந்து இடுப்புக்கு அடியில் கையை விட்டேன். உரசிக்கொண்டு போயிற்று. நாற்பது வருஷத்தில் முதல் முறையாக என் உடம்பை யாரோ அளவெடுத்தது போல இருந்தது.

"இது சரியா இருக்குது" என்றேன் கூரையைப் பார்த்து.

கடைக்காரர் அளவு எழுதும் நோட்டைப் பிரித்தார். டபுளா, சிங்கிளா என்று மாதேசனைக் கேட்டார். டபுள் என்றால் அக்காவின் வீட்டுக்காரரும் ஒரு தடவை வந்து படுத்துப் பார்த்துவிடுவது நல்லது, இரண்டு பேரில் ஒருவர் கனமாக இருந்தால் மற்றவர் அந்தப் பக்கம் உருண்டுகொண்டே இருப்பார், அதற்குத் தகுந்த மாதிரி கெட்டியாகப் போட வேண்டும் என்று விளக்கினார். தொழில் தெரிந்தவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

மாதேசன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருஷமாகச் சொல்லும் அதே "பாத்துக்கிட்டிருக்கோமுங்க"தான். அவன் மூச்சை இழுத்தான்.

"நானொப்ளே. சிங்கல் சாகு" என்றேன்.

நான் ஒருத்திதான், சிங்கிள் போதும். படுத்தபடியே, கன்னடத்தில், கடைக்காரரிடம் சொன்னேன். என் தம்பிக்கு முன்னால் தமிழில் அதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. இத்தனை வருஷமாக எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, ஒரு மெத்தைக் கடையில், மூன்று ஆண்களுக்கு நடுவே வெளியே வந்துவிட்டது. வருத்தமாக இருந்தது. பாரம் குறைந்தது போலவும் இருந்தது.

கடைக்காரர் தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார். மாதேசனின் முதுகைப் பார்த்தேன். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இழுத்த மூச்சை அவன் இன்னும் விடவில்லை. கோபித்துக்கொண்டு சந்தில் இறங்கி நடந்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. எழுந்திருக்கலாம் என்று முழங்கையை ஊன்றினேன்.

"அக்கா" என்றான், திரும்பாமல்.

"என்னடா?"

"எந்திரிக்காதீங்க. அவசரமில்ல, இன்னும் கொஞ்ச நேரம் நல்லாப் படுத்துப் பாருங்க." கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டிக்கொண்டான். "நான் நிக்கறேன்."

நான் முழங்கையை எடுத்துவிட்டுப் படுத்தேன்.